தீயணைப்பு வண்டிக்கு முன் வாங்க வேண்டியவை

கேள்வி: மலைச்சரிவும் ஏரியும் சேர்ந்த எங்கள் பகுதி சில ஆண்டுகளுக்கு முன்புவரை சிற்றூர்களாக இருந்தது. இப்போது தங்கும் விடுதிகளும் கூடாரத் தங்குமிடங்களும் உணவகங்களும் பெருகிவிட்டன. விடுமுறைக் காலத்தில் உள்ளூர்வாசிகளைவிட விருந்தினர்களே பல மடங்கு இருக்கிறார்கள். அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்திலிருந்து வண்டி வர ஒரு மணி நேரம் ஆகிறது. சென்ற கோடையில் ஒரு விடுதியின் சமையலறையில் பிடித்த தீ, வண்டி வருவதற்குள் கூரை முழுவதையும் எரித்துவிட்டது, உயிர்ச்சேதம் இல்லை. எங்கள் விடுதி உரிமையாளர் சங்கம் இப்போது நிதி திரட்டியிருக்கிறது. வெளிநாட்டு நிலையம் ஒன்று கழித்துவிட்ட தீயணைப்பு வண்டியை, கொண்டுவரும் செலவை மட்டும் ஏற்றால் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா? விடுதிதோறும் தீயணைப்பான் வைத்திருக்கிறோமே, அவை போதாதா? வறட்சிக் காலத்தில் காட்டுத்தீ இறங்கி வந்தால் என்ன செய்வது?

பதில்:

செயலாளர் அவர்களுக்கு வணக்கம்.

வண்டியை இப்போது வாங்காதீர்கள். பல ஆண்டுகள் தீயணைப்புப் பணியில் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பின் தங்கும் விடுதிகளுக்குத் தீப் பாதுகாப்பு ஆலோசனை சொல்லிவரும் நான் இப்படிச் சொல்வது உங்கள் உறுப்பினர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். சிவப்பு வண்டி ஒன்று வந்து நின்றால் ஊருக்கே தைரியம் வரும், நிதி கொடுத்தவர்களுக்கும் கொடுத்த பணம் கண்ணுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் உங்கள் பகுதியில் இன்று இல்லாதவை நான்கு: தீயை உடனே கண்டறிந்து ஆட்களை எழுப்பும் ஏற்பாடு, மின்சாரம் போனாலும் கிடைக்கும் தண்ணீர், அதைப் பீய்ச்சத் தெரிந்த ஆட்கள், விருந்தினரை வெளியேற்றும் வழி. இந்த நான்கும் இல்லாத இடத்தில் வண்டி இருந்தும் பயனில்லை. இவை இருந்தால், வண்டி தாமதமாக வந்தாலும் உயிர்கள் தப்பும்.

முதலில் நேரத்தைப் பாருங்கள். பழைய காலத்து மரச் சாமான்களும் பஞ்சு மெத்தையும் கொண்ட ஓர் அறையையும், இன்றைய ஃபோம் மெத்தை, செயற்கை இழைத் திரைச்சீலை கொண்ட ஓர் அறையையும் அருகருகே எரித்து அமெரிக்காவில் சோதனை செய்திருக்கிறார்கள். பழைய அறை முழுமையாகப் பற்றிக்கொள்ள அரை மணி நேரத்தை நெருங்கியது. புதிய அறையோ ஐந்து நிமிடத்துக்குள் கூரைமுதல் தரைவரை ஒரே தீயாகிவிட்டது. உங்கள் விடுதிகளில் இருப்பவை இரண்டாவது வகை அறைகள். அந்நாட்டின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் தன்னார்வத் தீயணைப்புப் படைகளுக்காக வகுத்த 1720 என்ற தரவிதி, கிராமப்புறத்தில் 14 நிமிடத்துக்குள் ஆறு பேர் களத்தில் இருக்க வேண்டும் என்கிறது. நிலையத்திலிருந்து ஏறக்குறைய 13 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள இடங்களுக்கு அது காலக்கெடு எதையும் குறிப்பிடாமல், தொலைவைப் பொறுத்தது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. தரவிதி எழுதுபவர்களே கைவிட்ட தொலைவில் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதை வைத்துக்கொண்டுதான் எல்லாவற்றையும் திட்டமிட வேண்டும்.

உள்ளூரிலேயே வண்டி நின்றால் அந்தத் தொலைவு குறையாதா என்று கேட்பீர்கள். குறையும், ஆனால் நடுஇரவில் அதை எடுத்து ஓட்டவும், பம்ப்பை இயக்கவும், தண்ணீர் பீய்ச்சும் குழாயான ஹோஸைப் பிடிக்கவும் ஆட்கள் வேண்டும். எந்த நேரத்திலும் ஆறு பேர் உறுதியாக வர வேண்டுமானால், வேலைக்கும் வெளியூருக்கும் போகிறவர்களைக் கழித்துப் பார்க்கும்போது, பயிற்சி பெற்றவர்கள் இருபது பேருக்குக் குறையக் கூடாது என்பது என் கணக்கு. அடுத்தது தண்ணீர். 4,500 லிட்டர் தொட்டி கொண்ட வண்டி, நிமிடத்துக்கு 450 லிட்டர் பாயும் ஒரே ஒரு ஹோஸை இயக்கினால் பத்து நிமிடத்தில் காலியாகிவிடும். அந்தத் தண்ணீர் மட்டுமே நாலரை டன். வண்டியோடு சேர்த்தால் எடை பெரும்பாலும் 12 டன்னைத் தாண்டும். ஏரிக்கரை விடுதிகளுக்குப் போகும் உங்கள் சிறு பாலங்கள் அதைத் தாங்குமா, கொண்டை ஊசி வளைவில் அது ஒரே திருப்பில் திரும்புமா என்பதை வாங்குவதற்கு முன்பே அளந்து பார்த்திருக்க வேண்டும்.

கழித்துவிடப்பட்ட வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. தானமாக வந்த அப்படிப்பட்ட வண்டி ஒன்றை நான் பரிசோதிக்க நேர்ந்தது. வெளியே வண்ணம் பளபளத்தது. பம்ப்பை முடுக்கியதும் தண்டைச் சுற்றியிருந்த சீல் காய்ந்து வெடித்திருந்ததால், தண்ணீர் ஹோஸுக்குப் போவதற்குப் பதிலாகத் தரையில் கொட்டியது. டயர்களில் தேய்மானமே இல்லை, ஆனால் ரப்பர் வயதாகிப் பக்கவாட்டில் விரல் நுனி நுழையும் அளவுக்குப் பிளவுகள் இருந்தன. உதிரிபாகம் கேட்டு எழுதியபோது, அந்த மாதிரியைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டதாகப் பதில் வந்தது. மாதம் ஒருமுறை பம்ப்பை ஓட்டி, தண்ணீரை இழுத்துப் பீய்ச்சி, பேட்டரியைச் சார்ஜ் செய்து வைக்கும் பொறுப்பை யாராவது ஏற்காவிட்டால் நல்ல வண்டிக்கும் இதே கதிதான். இலவசமாகக் கிடைக்கும் வண்டிதான் பராமரிப்புச் செலவில் முதலிடம் பிடிக்கும்.

ஆகவே தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பகுதியில் ஏரி இருக்கிறது, பல விடுதிகளில் நீச்சல் குளமும் இருக்கும். பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், சராசரியாக ஒன்றரை மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் 75,000 லிட்டர் நிற்கிறது. மேலே சொன்ன ஹோஸை அது இரண்டேமுக்கால் மணி நேரம் இயக்கும். ஆனால் குளத்தைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பும் பூந்தொட்டிகளும் வைத்து, பம்ப்பை அருகில் கொண்டுபோகவே வழியில்லாமல் செய்திருப்பார்கள். பூட்டில்லாத ஒரு கதவு, பம்ப் நிற்க உறுதியான தளம், உறிஞ்சுகுழாயை இறக்க இடம் ஆகிய மூன்றும் இருந்தால்தான் அந்தக் குளத்தைத் தீயணைப்புத் தண்ணீராகக் கணக்கில் எடுக்கலாம். உறிஞ்சுகுழாய் சாதாரண ஹோஸாக இருக்கக் கூடாது, உள்ளே இழுக்கும்போது அது சப்பிப்போகும். கம்பிச் சுருள் பதித்த விறைப்பான குழாயும், நுனியில் சல்லடையும் வேண்டும். பம்ப் தண்ணீர் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. கடல் மட்டத்தில் நடைமுறையில் ஏழு மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 1,500 மீட்டர் உயரமுள்ள மலையில் காற்றழுத்தம் குறைவதால் அதில் ஒன்றரை மீட்டருக்கு மேல் போய்விடும், சாதாரணப் பெட்ரோல் இயந்திரத்தின் திறனும் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறையும். சமவெளியில் சோதித்துக் காட்டிய பம்ப்பை நம்பி வாங்கி, மேலே கொண்டுவந்த பிறகு அது தண்ணீரை இழுக்கவில்லையே என்று திகைப்பவர்கள் உண்டு. உங்கள் ஏரிக்கரையிலேயே, கோடையில் மட்டம் இறங்கியிருக்கும் நாளில், ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

மலைச்சரிவு உங்களுக்குத் தரும் ஒரு வசதியும் உண்டு. விடுதிகளுக்கு 30 மீட்டர் மேலே ஒரு தொட்டி கட்டினால், பத்து மீட்டருக்கு ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) என்ற கணக்கில் மூன்று பார் அழுத்தம் மின்சாரமே இல்லாமல் கிடைக்கும். குழாயில் உராய்வால் கொஞ்சம் இழந்தாலும், போதிய அகலமான குழாய் போட்டிருந்தால் சிறு ஹோஸ் ஒன்றை நன்றாக இயக்கும். பெருந்தீயின்போது முதலில் போவது மின்சாரம்தான். 1991 அக்டோபரில் 25 உயிர்களைப் பறித்த அமெரிக்காவின் ஓக்லாந்து மலைத் தீயில், மின்சாரம் அறுந்து மேட்டுத் தொட்டிகளுக்கு நீரேற்றும் பம்ப்புகள் நின்றுபோயின. 2023 ஆகஸ்டில் ஹவாய்த் தீவுகளின் லஹைனா என்ற சுற்றுலா நகரம் எரிந்தபோது, எரிந்த வீடுகளின் உடைந்த குழாய்கள் வழியே தண்ணீர் ஓடி ஹைட்ரண்டுகளில், அதாவது தீயணைப்புக்கான தெருவோரத் தண்ணீர்க் குழாய்களில், அழுத்தம் இல்லாமல் போனது. ஆகவே தொட்டியின் அடியில் ஒரு பகுதியைத் தீயணைப்புக்கென்றே ஒதுக்கி, அன்றாடப் பயன்பாட்டுக் குழாயை அதற்கு மேல் மட்டத்திலிருந்து எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் விருந்தினர் எவ்வளவு குளித்தாலும் அடியிலுள்ள தண்ணீர் அப்படியே நிற்கும்.

நிதியில் பெரிய கருவி ஒன்று வாங்கியே தீர வேண்டும் என்றால், பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் தூக்கி வைக்கக்கூடிய சிறு பம்ப் தொகுப்பை வாங்குங்கள். 400 முதல் 600 லிட்டர் தொட்டி, சிறு பம்ப், சுருளில் சுற்றிய ஹோஸ் ஆகியவை அதில் இருக்கும். குறுகிய சாலையிலும் சிறு பாலத்திலும் போகும். ஓட்டுவதற்குத் தனி உரிமமோ நிலையக் கட்டடமோ பெரும்பாலும் தேவைப்படாது. பகுதியின் இரு முனைகளில் ஒவ்வொன்று நின்றால், ஒரு பெரிய வண்டியைவிட உங்களுக்கு அதிகம் பயன்படும். தன்னார்வலர்களுக்கு ஒரு கட்டுப்பாட்டை எழுத்தில் வைத்துவிடுங்கள்: மூச்சுக் கருவியும் அதற்கான பயிற்சியும் இல்லாத எவரும் புகை நிறைந்த கட்டடத்துக்குள் நுழையக் கூடாது. வெளியே நின்று தண்ணீர் அடிப்பதும், பக்கத்துக் கூரை பற்றாமல் நனைப்பதும், ஆட்களைக் கணக்கெடுப்பதும் போதிய வேலைதான்.

தீயணைப்பான்கள் போதாதா என்ற கேள்விக்குப் பதில் சுருக்கமானது. ஆறு கிலோ உலர்தூள் தீயணைப்பான் ஏறக்குறைய 15 முதல் 20 விநாடிக்குள் தீர்ந்துவிடும். குப்பைத் தொட்டி அளவுள்ள தீயை, பழகிய கை அணைக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. சமையலறைகளில் அதை அடுப்புக்குப் பின்னால் மாட்டியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். தீப்பிடித்தால் அதை எடுக்கத் தீயைத்தான் தாண்ட வேண்டும். வெளியேறும் கதவருகே மாட்டுங்கள். எண்ணெய்ச் சட்டியில் பிடித்த தீக்குத் தீப்போர்வையும் சமையல் எண்ணெய்த் தீக்கான ஈர ரசாயனத் தீயணைப்பானும் வேண்டும். தண்ணீர் ஊற்றினால் எரியும் எண்ணெய் கூரைவரை எழும். எரிவாயு சிலிண்டர்கள் கட்டடத்துக்கு வெளியே, காற்றோட்டமுள்ள கூண்டில், தாழ்வான குழிகளுக்கு விலகி நிற்க வேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனமானதால் கசிந்தால் தரையோடு ஓடிப் பள்ளத்தில் தேங்கும்.

உயிர்களைக் காப்பதில் நான் முதலிடம் தருவது அலாரத்துக்கு. உறங்குகிறவரைப் புகை எழுப்பாது. நச்சு வாயு மேலும் ஆழ்ந்த மயக்கத்தில்தான் தள்ளும். ஒவ்வோர் உறங்கும் அறையிலும் புகை அலாரம் வேண்டும், ஒன்று ஒலித்தால் கட்டடத்தில் எல்லாம் ஒலிக்கும்படி இணைத்திருக்க வேண்டும். துருக்கியில் கர்தல்காயா பனிச்சறுக்குத் தலத்தில் 2025 ஜனவரி 21 அன்று அதிகாலையில் ஒரு விடுதி எரிந்து 78 பேர் இறந்தார்கள். அலாரம் எதுவும் கேட்கவில்லை என்று தப்பியவர்கள் சொன்னார்கள், படுக்கை விரிப்புகளை முடிச்சுப் போட்டுச் சன்னல் வழியே இறங்க முயன்றவர்களும் உண்டு. தீயணைப்பு நிலையத்துக்கு எட்டாத மலைமேல் பல மாடி விடுதி என்ற அந்த அமைப்பு உங்களுக்குப் புதிதல்ல. மூன்று மாடிக்கு மேல் உள்ள உங்கள் விடுதிகளில் தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பான்களை, அதாவது ஸ்பிரிங்க்ளர்களை, பொருத்தச் சொல்லி நான் வற்புறுத்துவேன். வழக்கமாகக் காணப்படும் சிவப்புக் கண்ணாடிக் குமிழ் கொண்ட தெளிப்பான் 68 பாகை செல்சியஸில் தானே திறக்கும். தீக்கு அருகில் உள்ளது மட்டுமே திறக்கும், கட்டடம் முழுவதும் ஒரே சமயத்தில் நனைந்துவிடும் என்பது திரைப்படங்கள் பரப்பிய நம்பிக்கை. ஒரு மணி நேரம் தள்ளி நிலையம் இருக்கும் ஊரில், கூரையில் காத்திருக்கும் தீயணைப்பு வீரர் அது ஒன்றுதான். சிறு விடுதிகளுக்கு அதற்கு வசதியில்லையென்றால், இரண்டாவது மாடிப்படியும், தானாக மூடிக்கொள்ளும் அறைக் கதவுகளுமாவது இருக்கட்டும். மூடிய கதவு ஒன்று நடைவழியில் புகை பரவுவதைப் பல நிமிடங்கள் தள்ளிப்போடும். வாடகைக்கு விடும் மின்சார மிதிவண்டிகளையும் ஸ்கூட்டர்களையும் மாடிப்படிக்கு அடியில் சார்ஜ் செய்வதை இன்றே நிறுத்துங்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் வெளியேறும் வழியே முதலில் அடைபடும்.

காட்டுத்தீ பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. சரிவின் மேல்பக்கத்தில் உள்ள விடுதிகளுக்குத்தான் ஆபத்து அதிகம். தீ கீழிருந்து மேலே ஏறும்போது, சரிவு பத்துப் பாகை கூடக்கூட அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது நடைமுறை விதி. கீழே நிதானமாக எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்து நேரம் இருக்கிறதென்று கணக்கிடுபவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான். அதே நேரத்தில், கட்டடங்களில் பெரும்பாலானவற்றைப் பற்றவைப்பது காட்டுத்தீயின் நெருப்புச் சுவர் அல்ல, அதற்கு வெகு முன்பே காற்றில் பறந்து வரும் கங்குகள்தான். அவை கூரை மடிப்பில் தேங்கிய சருகிலும், மழைநீர்க் கால்வாயிலும், காற்றுத் துளைகள் வழியே பரணிலும் விழுந்து ஊதிப் பெரிதாகின்றன. கட்டடத்தைச் சுற்றி முதல் ஒன்றரை மீட்டரில் எரியக்கூடிய எதுவும், அலங்காரச் செடியும் விறகடுக்கும் கூட, இருக்கக் கூடாது. ஒன்பது மீட்டர்வரை புல்லை வெட்டி, மரக் கிளைகள் கூரையைத் தொடாமல் கழித்துவிட வேண்டும். முப்பது மீட்டர்வரை புதர்களைக் கலைத்து இடைவெளி விட வேண்டும். காற்றுத் துளைகளுக்கு மூன்று மில்லிமீட்டர் கண்ணுள்ள உலோக வலை போதும். காட்டோரத் தீத்தடுப்புக் கோடு வனத்துறையின் அனுமதியோடு வெட்டப்பட வேண்டியது, அதை நீங்களாகத் தொடங்காதீர்கள். ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் கொட்டும் என்ற எண்ணத்தையும் திட்டத்தில் சேர்க்காதீர்கள். லஹைனாவில் அன்று வீசிய காற்றில் அவற்றால் பறக்க முடியவில்லை.

வெளியேற்றம் பற்றித்தான் உங்கள் கடிதம் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கோ அதுதான் பெருங்கவலை. கிரேக்க நாட்டின் மாட்டி என்ற கடற்கரைக் குடியிருப்பில் 2018 ஜூலை 23 அன்று நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குறுகிய தெருக்களில் வண்டிகள் சிக்கிக்கொண்டன. கடல் அருகில் இருந்தும், வேலிகளும் முட்டுச் சந்துகளும் குறுக்கே நின்றதால் பலரால் அதை அடைய முடியவில்லை. உங்கள் ஏரிக்கரையில் விடுதிகள் எழுப்பிய மதில்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஏரிக்குப் போகும் பொதுப் பாதைகளை மதிலுக்கு மதில் நடந்து பார்த்து, அடைபட்டவற்றைத் திறக்கச் செய்யுங்கள். ஒற்றைச் சாலை அடைபட்டால் மக்கள் போய் நிற்க, புல்லில்லாத பெரிய வெற்றிடம் ஒன்றை, வாகன நிறுத்துமிடமோ விளையாட்டுத் திடலோ, முன்கூட்டியே குறித்து வையுங்கள். 173 பேர் இறந்த 2009ஆம் ஆண்டுத் தீக்குப் பிறகு, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இத்தகைய கடைசிப் புகலிடங்களை ஊர் ஊராக அறிவித்தது. அவை பாதுகாப்பான இடங்கள் என்று சொல்லாமல், வேறு வழியற்றபோது போகும் இடங்கள் என்றே அறிவித்த நேர்மையும் பின்பற்றத்தக்கது.

எச்சரிக்கை ஒலிக்கும் கைபேசியை மட்டும் நம்பாதீர்கள். 2016 நவம்பரில் அமெரிக்காவின் காட்லின்பர்க் சுற்றுலா நகரைக் காட்டுத்தீ சூழ்ந்தபோது தொலைத்தொடர்பு அறுந்து, வெளியேறச் சொல்லும் கைபேசிச் செய்தி உரிய நேரத்தில் போகவில்லை; 14 பேர் இறந்தார்கள். லஹைனாவில் சைரன்கள் இருந்தும் ஒலிக்கப்படவில்லை. ஆகவே கையால் சுற்றும் சைரனோ மணியோ ஒன்று, விடுதிகளுக்கிடையே வாக்கி டாக்கி, சைரனை ஒலிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத அதிகாரம் பெற்ற மூன்று நான்கு பேர் ஆகியவை வேண்டும். மேலதிகாரியின் உத்தரவுக்குக் காத்திருந்து ஒலிக்கும் சைரன் நேரத்தில் ஒலிக்காது. விருந்தினருக்கு உங்கள் ஊர் தெரியாது, பலருக்கு உங்கள் மொழியும் தெரியாது. அறைக் கதவின் உட்புறம் படமாக வரைந்த வெளியேறும் வழியும், ஒவ்வொரு விடுதி வாசலிலும் இரவில் தெரியும்படி பெரிய எண்ணும் இருக்கட்டும். அவசர அழைப்பில் அந்த எண்ணைச் சொன்னால் போதும் என்றால், இடத்தை விவரிப்பதிலேயே கரைந்துபோகும் நிமிடங்கள் மிஞ்சும்.

நிதியை எப்படிப் பங்கிடுவது என்றால், முதல் ஆண்டில் அலாரங்கள், வாசல் எண்கள், புதர் நீக்கம், சைரன், பயிற்சி. இரண்டாம் ஆண்டில் மேட்டுத் தொட்டியும் பிக்கப் பம்ப் தொகுப்பும். வண்டியும் நிலையமும் அரசின் பொறுப்பு. அதற்கான கோரிக்கையை நிரந்தரக் குடிமக்கள் தொகையை வைத்து எழுதாமல், உச்சப் பருவத்து ஓர் இரவில் ஊரில் தங்குபவர்களின் எண்ணிக்கையை வைத்து எழுதுங்கள். அந்தக் கணக்கு உங்கள் விடுதிப் பதிவேடுகளில்தான் இருக்கிறது, அரசிடம் இல்லை. சுற்றுலா வரி வசூலிக்கப்படும் பகுதியானால் அதில் ஒரு பங்கைத் தீயணைப்புக்கு ஒதுக்கக் கேட்பதும் முறையான கோரிக்கையே.

வண்டி தானம் தருபவர்களுக்கு நன்றி சொல்லி எழுதும்போது, வண்டிக்குப் பதிலாக உறிஞ்சுகுழாய்கள், ஹோஸ்கள், பாதுகாப்பு உடைகள், பயிற்சியாளர் ஒருவரின் சில வார நேரம் ஆகியவற்றைத் தர இயலுமா என்று கேட்டுப் பாருங்கள்; பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள். ஆனால் எந்த ஹோஸை ஏற்பதற்கு முன்பும் அதன் கப்ளிங்கை, அதாவது இணைப்பு முனையை, சரிபாருங்கள். 1904இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் எரிந்தபோது, அண்டை நகரங்களிலிருந்து விரைந்து வந்த படைகளின் ஹோஸ்கள் அந்நகர ஹைட்ரண்டுகளில் பொருந்தவில்லை. 87 ஆண்டுகள் கழித்து ஓக்லாந்திலும் ஹைட்ரண்டு வாயின் அளவு மாறுபட்டு அதே இடைஞ்சல் நேர்ந்தது. ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள நிலையத்தின் அதிகாரியை அடுத்த மாதமே ஒத்திகைக்கு அழையுங்கள். வண்டியோடு வந்து உங்கள் பாலங்களைக் கடந்து பார்த்து, ஏரியிலிருந்தும் ஒரு நீச்சல் குளத்திலிருந்தும் தண்ணீர் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் வாங்கவிருக்கும் கப்ளிங்குகள் அவருடைய வண்டியில் உள்ளவையோடு பொருந்துவதை அன்றே கையால் திருகிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு ஆர்டர் கொடுங்கள்.